ஒன்பதாம் நம்பர் வால்வு

டிரைவர்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லம்மா. பஸ்ல ஏசி ஓடுது, காத்தும் வருது, குளிர்ச்சிதான் இல்ல. உள்ள இருக்கற வாயு கசிஞ்சு போயிருக்கும். எங்கேயோ ஊசி முனை அளவுக்கு ஓட்டை. அதை அடைச்சு நிரப்பினாத்தான் சரியாகும். இந்த முந்தானையால விசிறிக்கிட்டு வர்றதுதான் வழி, விசிறுங்க.

எப்படித் தெரியும்னு பார்க்கறீங்களா? அதுதான் என் பொழப்பு. இருபத்தெட்டு வருஷமா குழாயும் காத்தும்தான். கல்யாண மண்டபத்துக்குப் போனா எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பாங்க, நான் கூரையைப் பார்ப்பேன். பைப் எந்தப் பக்கம் வளையுது, தண்ணி எங்க சொட்டும்னு. என் வீட்டுக்காரர் இடிச்சு இடிச்சு என் விலாவே புண்ணாப் போச்சு.

நீங்க எதுவரைக்கும் போறீங்க? அப்ப எனக்கு அப்புறம்தான் இறங்குவீங்க. நான் கோர்ட் ஸ்டாப். ஐயையோ, பயப்படாதீங்க, நான் ஒண்ணும் பண்ணல. சாட்சி. வெறும் சாட்சி. அதுக்கே இந்த அலைச்சல். சென்னையிலேர்ந்து அஞ்சு மணி நேரம், இறங்கறப்ப முட்டி ரெண்டும் பலாப்பழமாட்டம் வீங்கியிருக்கும். மொதல் தடவை வந்தேன், ஜட்ஜ் லீவு. ரெண்டாவது தடவை வந்தேன், கவர்மெண்ட் வக்கீல் வாய்தா வாங்கிட்டுப் போயிட்டார். இது மூணாவது. சம்மன் குடுக்கறவங்களுக்கு என்ன, ஒரு கையெழுத்து. வந்து போறவளுக்குத்தானே தெரியும்.

என் பேரு புனிதவதி. பிளம்பிங் டிசைன் இன்ஜினியர். பொம்பளை பிளம்பிங்கான்னு சிரிக்காதீங்க, சிரிச்சவங்க எல்லாரும் ரிட்டயர் ஆயிட்டாங்க. எங்க முதலாளி கோதண்டம் சார். அவர் வீடு, கடை எதுவும் எடுக்க மாட்டார். கவர்மெண்ட் கட்டடம்தான், அதுலயும் துப்பாக்கி வெச்சுக் காவல் நிக்கற கட்டடம்தான். கருவூலம், ஜெயில், இந்த மாதிரி. தண்ணி, சாக்கடை, காத்து, ஏசி, எல்லாத்துக்கும் வரைபடம் போடறதும் நாங்கதான், கட்டறதும் நாங்கதான், கட்டி முடிச்சு மூணு வருஷம் பார்த்துக்கறதும் நாங்கதான். சுலபமாத் தெரியும். ஆனா ஒண்ணு கெட்டுப் போச்சுன்னா அவன் பண்ணான் இவன் பண்ணான்னு கைகாட்ட ஆளே இருக்காது.

இதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதும்மா. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். நீங்க முகம் தெரியாதவங்க, இறங்கினா மறந்துடுவீங்க, அதனால சொல்றேன். அவங்க ரகசியம் எப்படித் தெரியுமா, வரைபடத்துல அறைக்குப் பேரே போட மாட்டாங்க, நம்பர்தான். ஒரு கட்டடத்துல பதினாலாம் நம்பர் அறைக்கு மேல கக்கூஸ் லைனைக் கொண்டு போயிட்டேன். ஒரு பெரிய ஆபீசர் ஓடி வந்தார். "மேடம், அதை மட்டும் மாத்திடுங்க மேடம்"ங்கறார். கீழ என்ன சார் இருக்குன்னு கேட்டேன். "அதைக் கேக்காதீங்க மேடம்"ங்கறார். இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எனக்கெதுக்கு, மாத்திக் குடுத்தேன். கேள்வி கேக்காம வேலை பார்க்கறதுதான் இந்தத் தொழில்ல முக்கால்வாசி.

இப்ப நான் போறது ஒரு பொம்பளைங்க ஜெயில் சமாச்சாரம். எந்த ஊருன்னு கேக்காதீங்க. புதுசாக் கட்டினது. முப்பது அறை. அதுல ஒரு குழாய் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக்கூடாது. ஏன்னு கேளுங்க. துணியைக் கட்டித் தொங்கிடுவாங்க. அதனால சுவரோட சுவரா ஒரு பொத்தான், அமுக்கினாத் தண்ணி வரும். காத்து வர்ற சல்லடைத் தகட்டுல சுண்டுவிரல் நுழையாது. பைப்பெல்லாம் அறைக்குப் பின்னாடி ஒரு சந்துல ஓடும், ரெண்டரை அடி சந்து. நான் ஒல்லி, அதனால நுழைஞ்சிடுவேன். கோதண்டம் சார் வயித்துக்கு அவர் இன்னும் அந்தச் சந்தைப் பார்த்ததே இல்ல.

அறைக்கு அறை தண்ணியை வெளியிலேர்ந்து மூடணும்னு ஒரு விதி உண்டு. அது தேவைதான். கோபத்துல ஒருத்தி கக்கூஸ்ல துணியை அடைச்சுட்டுத் தண்ணியைத் திறந்துவிட்டா மாடி முழுக்க வெள்ளமாயிடும். அதுக்கு அவங்க கேட்டது சாதா வால்வு. சந்துக்குள்ள குனிஞ்சு போய், ஸ்பானர் போட்டு, நாலு சுத்து சுத்தணும். நான்தான் யோசிச்சேன். பாவம், வார்டருங்க எல்லாம் ஐம்பது வயசுப் பொம்பளைங்க, அந்தச் சந்துக்குள்ள எப்படிப் போவாங்க? அவங்க உக்கார்ற இடத்துலயே ஒரு பேனல் வெச்சேன். முப்பது அறைக்கு முப்பது பொத்தான். அமுக்கினா மூடும், அமுக்கினாத் திறக்கும். எந்த அறையை எப்ப மூடினாங்கன்னு அதுவே ஞாபகம் வெச்சுக்கும். இருபத்திநாலு மணி நேரத்துக்கு மேல ஒரு அறை மூடியே கிடந்தா கீகீன்னு கத்தும். எல்லாம் என் ஐடியா. திறப்பு விழா அன்னைக்கு அந்தப் பேனல் பக்கத்துல நின்னு எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நான் போட்டோவுல இல்ல. யாரோ ஒருத்தர் தோளுக்குப் பின்னாடி என் கொண்டை மட்டும் தெரியும்.

போன ஏப்ரல் பன்னெண்டாம் தேதி. காலையில ஏழு இருக்கும், போன் வருது. சீஃப் வார்டர் லில்லி புஷ்பம். "மேடம், உங்க பேனல் விடியக்காலையிலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கு, தலை வெடிக்குது, உடனே வந்து நிறுத்துங்க"ங்கறாங்க. எது கத்துதுன்னு கேட்டேன். எங்களுக்கு என்ன தெரியும், நீங்கதானே வெச்சீங்கன்னுட்டாங்க. பொத்தானை அமுக்கித் திறந்தாலே நின்னுடும்மா! புத்தகம் அச்சடிச்சுக் குடுத்திருக்கேன், தமிழ்ல, படம் போட்டு. ஒருத்தர் பிரிக்கல. நானும் பீர் முகமதும் கிளம்பினோம். பீர் முகமது எங்க பேனல் டெக்னீஷியன், நாப்பது வயசு, வாய் கொஞ்சம் ஜாஸ்தி, வேலை சுத்தம்.

உள்ள போறதுன்னா லேசுப்பட்டது இல்ல. போன், வாட்ச் எல்லாத்தையும் கேட்ல குடுக்கணும். ஸ்பானர், ஸ்குரூ டிரைவர் ஒண்ணொண்ணா எண்ணி எழுதுவாங்க. வர்றப்ப ஒண்ணு குறைஞ்சா நாம வெளிய வர முடியாது. லில்லி புஷ்பம் டீ குடுத்தாங்க, நல்ல பொம்பளைதான், என் முட்டிக்கு ஒரு எண்ணெய் பேர்கூட எழுதிக் குடுத்தாங்க. அவங்க நெத்தியில பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. என்னாச்சுன்னு கேட்டேன். ஒன்பதாம் நம்பர்க்காரி காலையில வாளியைத் தூக்கி அடிச்சுட்டா, திமிர் பிடிச்சவள்னாங்க.

பேனலைப் பார்த்தேன். ஒன்பதுல சிவப்பு எரியுது.

வால்வு எங்கயாவது சிக்கியிருக்கான்னு பார்க்கணும்ல, அதான் முறை, அதுக்காகச் சந்துக்குள்ள போனேன். போயிருக்கவே கூடாது. அந்தச் சந்துல ஒரு குறை உண்டு, அது என் டிசைன்ல இருக்கற குறைதான், ஒத்துக்கறேன். காத்துக் குழாய் வழியா உள்ள பேசறது அப்படியே கேக்கும். ஒன்பதுக்குப் பின்னாடி நின்னேன். குழந்தை அழுவுது. அழுகைன்னு சொல்ல முடியாது, தொண்டை காஞ்சு போன சத்தம். விசாரணைக் கைதிங்க கைக்குழந்தையைக் கூட வெச்சுக்கலாம், அது உங்களுக்குத் தெரியாதுல்ல? நாத்தம் வேற. கக்கூஸும் அதே அறையிலதான், தண்ணி இல்லாம ஒரு நாளைக்கு மேல, குழந்தைக்குப் பேதி, யோசிச்சுக்கோங்க.

ஸ்பானர் பைப்புல இடிச்சுட்டுது. உடனே உள்ள ஒரு குரல். "யாருங்க அங்க? குழா ஆளுங்களா? தண்ணி விடுறீங்களா? நேத்து வெடிகாலையிலேர்ந்து இல்லீங்க. பாப்பாவைக் கழுவக்கூட இல்லீங்க. ஒரு சொம்புதான் குடுத்தாங்க. அண்ணே, அண்ணேங்களா?"

கைதிகிட்ட பேசக்கூடாதும்மா. பேசினா பாஸைப் பிடுங்கிடுவாங்க. நான் பேசல. மூச்சை அடக்கிக்கிட்டு நின்னேன். அவ சுவரைத் தட்டறா, நான் இந்தப் பக்கம் நிக்கறேன். என்னை அண்ணேன்னு நினைச்சுட்டா பாருங்க. பொம்பளை நிப்பான்னு அவளுக்குத் தோணல.

வெளிய வந்தேன். லில்லி புஷ்பத்துக்கிட்ட மெதுவாக் கேட்டேன், ஒன்பதை யாரு மூடினதுன்னு. "ஏதோ டெஸ்டுக்கு அமுக்கியிருப்பாங்க மேடம், மறந்திருப்பாங்க"ன்னாங்க. முகத்தைப் பார்த்தேன். தண்ணி நிக்கறதுக்கு முந்தின ராத்திரி குழந்தைக்கு ஒரு டம்ளர் பால் ஜாஸ்தியாக் கேட்டு அந்தப் பொண்ணு சண்டை போட்டிருக்கா. இது எனக்கு அப்புறம்தான் தெரியும். அப்பவும் கொஞ்சம் தெரியும்னு வெச்சுக்கோங்க.

சர்வீஸ் பண்ணா ஒரு முறை இருக்கு. பேனல் ஞாபகத்துல இருக்கறதை ஒரு சீட்டுல அச்சடிச்சு எடுத்துட்டு, ஞாபகத்தை அழிச்சு, புதுசு மாதிரி ஒப்படைக்கணும். சீட்டை அவங்க நோட்டுல ஒட்டணும். நாங்க எல்லா இடத்துலயும் அப்படித்தான். கை தன்னால போகும். எடுத்தேன், அழிச்சேன், ரீசெட் பண்ணேன். பீர் முகமது என் கையைப் பிடிச்சான். "மேடம், அழிக்காதீங்க மேடம், அப்படியே விடுங்க"ன்னான். அதுக்குள்ள அழிஞ்சாச்சு. ரீசெட் பண்ணா எல்லா வால்வும் தானாத் திறக்கும். ஒன்பதுலயும் தண்ணி வந்துச்சு. சந்துல கேட்ட குரல் அங்க வரைக்கும் கேட்டுச்சு, வந்திருச்சு வந்திருச்சுன்னு கத்தறா.

யாராவது இதைச் சொல்றாங்களா சொல்லுங்க? நான் போகலைன்னா அந்தத் தண்ணி எப்ப வந்திருக்கும்? அன்னைக்குச் சாயங்காலம் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க, நாலு நாள் டிரிப்ஸ் ஏத்திப் பிழைச்சுது. டாக்டர் இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தாக் கஷ்டம்னாராம். அப்ப யாரால பிழைச்சுது? ஒருத்தர் வாயிலேர்ந்து வரல.

அதுக்கப்புறம்தான் இந்தக் கூத்து. அந்தப் பொண்ணு பேரு செங்கமலம். ஏதோ அடகுக்கடை நகைத் திருட்டுல பேர் சேர்த்துட்டாங்க, அதுல அவளுக்கு ஜாமீன் கிடைக்கற நேரம். வாளியால அடிச்சதுக்கு இப்ப ரெண்டாவது கேஸு. அரசாங்க ஊழியரைத் தாக்கினது. அது நின்னா ஜாமீன் இல்ல. குழந்தையை ஹோம்ல விட்டிருக்காங்க, ஜாமீன் இல்லைன்னாக் குழந்தை அங்கேயேதான். அவ சொல்றா, மொத்தம் முப்பத்தோரு மணி நேரம் தண்ணியை மூடிட்டாங்க, நடுவுல புள்ளை சாவுதுன்னு ஆத்திரத்துல எறிஞ்சேன்னு. ஜெயில்ல சொல்றாங்க, தண்ணியை மூடவே இல்ல, அவ கதை கட்டறான்னு. எது நிஜம்னு யாருக்குத் தெரியும்? பேனலுக்குத் தெரியும். பேனலைக் கொண்டு வந்து பார்த்தா, உள்ள ஒண்ணும் இல்ல. அதான் அதை வெச்ச இன்ஜினியரைக் கூப்பிடுன்னு என்னை இழுக்கறாங்க.

கோதண்டம் சார் உக்கார வெச்சுப் பொறுமையாச் சொன்னார். "புனிதா, அந்த டிபார்ட்மெண்ட்ல இன்னும் மூணு கட்டடம் வரப்போகுது. நம்மகிட்ட அறுபது பேர் இருக்காங்க. அவங்க கதவைச் சாத்தினா சாத்தினதுதான். நீ பொய் சொல்ல வேணாம். நான் ஒப்படைச்சப்ப பேனல்ல பதிவு எதுவும் இல்லைன்னு சொல்லு. அது உண்மைதானே?" உண்மைதான். யோசிச்சுப் பார்த்தா உண்மைதான். எனக்கு ஐம்பத்திரெண்டு வயசு. இனிமே நான் எங்க போய் வேலை தேட?

பீர் முகமது மட்டும் ஆடிட்டான். "ஸ்பானர் போட்டுத் திருகணும்னு விட்டிருந்தீங்கன்னா யாரும் சும்மா போய் மூட மாட்டாங்க மேடம். நீங்கதான் விரல் நுனிக்குக் கொண்டு வந்து வெச்சீங்க"ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றான். பதினோரு வருஷம் என்கூட வேலை பார்த்தவன். அடுத்த வாரம் வேலையை விட்டுட்டான். இப்ப ஒரு மோட்டார் கடையில உக்கார்ந்திருக்கானாம். போன் பண்ணா எடுக்கறதில்ல. அது என்ன பேச்சு? வால்வுக்குத் தானா மூடத் தெரியுமா? நான் போய் மூடினேனா? ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல தெரியுமா?

போன தடவை கோர்ட் வராண்டாவுல அவளைப் பார்த்தேன். முகம் பார்த்து அடையாளம் தெரியல, எப்படித் தெரியும். போலீஸ்கிட்ட என்னமோ கேட்டா, அந்தக் குரல். சின்னப் பொண்ணும்மா, இருபத்தி மூணு இருபத்தி நாலுதான் இருக்கும். நான்தான் குழாய் இன்ஜினியர்னு யாரோ சொல்லியிருக்காங்க. நேரா வந்து கையெடுத்துக் கும்பிடறா. "அம்மா, நீங்க வந்த பிறகுதான் தண்ணி வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்கம்மா. அது போதும். நீங்க எனக்காக இம்புட்டுத் தூரம் வர்றீங்களே"ங்கறா. எனக்காகன்னு சொல்றா. நான் சம்மனுக்காக வர்றேன்! பைக்குள்ள எதையோ தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். நிமிர்றதுக்குள்ள போயிட்டா.

ஒண்ணு சொல்லிடறேன், பொய் சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆபீசுக்கு லேட்டா வந்தாக்கூட பஸ் மேல பழி போட மாட்டேன். பேனல்ல பதிவு இல்லைன்னு சொல்றது பொய் இல்ல, அதுல தெளிவா இருக்கேன். ஆனா அந்தப் பொண்ணோட வக்கீல் கெட்டிக்காரர். வேற ஏதாவது ஆவணம் உங்ககிட்ட இருக்கான்னு கேப்பாருன்னு கோதண்டம் சார் சொல்றார். இல்லைன்னு சொல்லுன்னார். அதுலதான் ஒரு சிக்கல் இருந்தது.

அந்தச் சீட்டு. அழிக்கறதுக்கு முன்னாடி அச்சடிச்சேன்ல? நோட்டுல ஒட்டப் போனேன். "நோட்டு ஆபீசுக்குப் போயிருக்கு மேடம், நீங்களே வெச்சுக்கோங்க, இல்லாட்டி கிழிச்சுப் போட்டுடுங்க"ன்னாங்க லில்லி புஷ்பம். கேட்ல ஸ்பானரை எல்லாம் எண்ணினாங்க, பேப்பரை யாரு எண்ணுவா? என் கைப்பையிலேயே வந்துடுச்சு. கிழிக்கலாம்னா மனசு வரல. கிழிச்சா அது தப்பு காரியம், தடயத்தை அழிக்கற மாதிரி. குடுக்கவும் முடியல. அப்படியே விட்டுட்டேன். அது கண்டக்டர் மெஷின்ல வர்ற டிக்கெட் மாதிரி பேப்பர்தான், சூடு பட்டா எழுத்து தன்னால வெளுத்துடும். நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. கைப்பையிலேயே வெச்சிருந்தேன். ஏப்ரல் போச்சு, மே போச்சு, என்ன வெயில். போன மாசம் எடுத்துப் பார்த்தேன், வெறும் வெள்ளை. நிம்மதியாப் போச்சு. வெள்ளைப் பேப்பர் ஆவணமா? இல்ல. அப்ப என்கிட்ட ஒண்ணும் இல்லைன்னா இல்லதானே. அன்னைக்குத்தான் ஒழுங்காத் தூங்கினேன்.

இந்தாங்க, நீங்களே பாருங்களேன். ரெண்டா மடிச்சிருக்கு, மெதுவாப் பிரிங்க. ஒண்ணும் இல்லல்ல?

என்ன, உத்துப் பார்க்கறீங்க?

அறை... ஆமா, அறைன்னுதான் ஆரம்பிக்கும். நம்பர் தெரியுதா? ஒன்பதா? நல்லாப் பாருங்கம்மா, வெளிச்சத்துக்கு நேரா பிடிக்காதீங்க, சாதாரணமாப் பிடிச்சுப் பாருங்க. மூடியது, பதினொண்ணு ஏப்ரல், காலை ஆறு பத்து... அதுவுமா? அச்சடிச்சது, பன்னெண்டு, பகல் ஒண்ணு பத்து, அப்பவும் மூடியே இருக்குன்னு. எல்லாமே இருக்கா? கஷ்டப்பட்டுப் படிக்கறீங்களா, சுலபமாப் படிக்கறீங்களா? எனக்கு ஒரு கோடுகூடத் தெரியலையேம்மா. இந்தக் கண்ணாடி நாலு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது, மாத்தணும் மாத்தணும்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தார், எனக்குத்தான் நேரமே...

இருப்பா கண்டக்டர், இறங்கறேன், கோர்ட் ஸ்டாப்தான், முட்டி வலி, மெதுவாத்தான் இறங்க முடியும். அம்மா, அதைக் குடுங்க இப்படி. இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க. அழியலையா?

அப்ப உள்ள போய் நான் பொய்தானே சொல்லணும்.